விலை பாதி, கடன் முழுசு: பெருமந்தம் ஒரு நாட்டின் அரசியலைப் புரட்டுவது எப்படி?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு: ஆர்டர் நிற்குமா, ஷிப்ட் குறையுமா? தொலைக்காட்சி விவாதங்களில் "1930 மாதிரி ஆகிவிடும்" என்ற வாக்கியமும் அடிக்கடி வந்தது. மந்தம், பெருமந்தம், பணவாட்டம் என்று சொற்கள் வந்து விழுந்தனவே தவிர, 1930-இல் என்னதான் நடந்தது, பொருளாதாரம் சரிந்தால் ஆட்சி ஏன் கவிழ்கிறது, அதே சரிவில் ஒரு நாட்டில் ஹிட்லரும் இன்னொரு நாட்டில் முதியோர் ஓய்வூதியமும் எப்படி வந்தன என்பதை யாரும் நிதானமாகச் சொல்லவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்கைவிட பழைய வட ஆற்காடு மாவட்டம் நல்ல இடம். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அன்று ஏறக்குறைய ஒரே மாவட்டம். பங்குச் சந்தை என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்குள் அந்தச் சரிவு எந்த வழியாக நுழைந்தது என்று பார்த்தால், மீதி எல்லாம் தானே விளங்கும்.

முதலில் சொற்கள்

1. மந்தநிலை: ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் குறைந்தால் மந்தநிலை என்பது பொது வழக்கு. வியாபாரம் படுக்கும், சிலருக்கு வேலை போகும், பெரும்பாலும் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் தேறிவிடும்.

2. பெருமந்தம்: இதற்கு அதிகாரப்பூர்வமான வரையறை கிடையாது. உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தாலோ, சரிவு இரண்டு மூன்று ஆண்டுகள் நீடித்தாலோ அப்படிச் சொல்கிறார்கள். 1929-இல் தொடங்கியதை இரண்டு கணக்கிலும் பெருமந்தம் என்றே சொல்ல வேண்டும்.

3. பணவாட்டம்: பணவீக்கத்துக்கு நேர் எதிர். பொருள்களின் விலை பொதுவாக இறங்கிக்கொண்டே போவது.

விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். மாதச் சம்பளக்காரருக்கு நல்லதுதான். ஆனால் விற்றுப் பிழைப்பவருக்கு, அதுவும் கடன் வாங்கி விளைவித்து விற்பவருக்கு, பணவீக்கத்தைவிடக் கொடியது பணவாட்டம். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்து கிளைப்பவை.

1929 அக்டோபர் கடைசி வாரத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. நாட்டின் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. 1933-இல் வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் நின்றார். 1930 ஜூனில் அமெரிக்கா இறக்குமதி வரியைக் கடுமையாக உயர்த்தியது. மற்ற நாடுகளும் பதிலுக்கு உயர்த்தின. 1929 முதல் 1933 வரை உலக வர்த்தகத்தின் மதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2025 வரிச் செய்தி வந்ததும் எல்லோரும் 1930-ஐ நினைத்துக்கொண்டது இதனால்தான்.

ஒரு மல்லாட்டை மூட்டையின் கணக்கு

வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து வந்தது. பெயரிலேயே வெளிநாடு ஒட்டிக்கொண்டிருக்கும் பயிர். போளூர், ஆரணி, திருவண்ணாமலை, வந்தவாசி பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் விளைந்த கொட்டை மண்டிக்குப் போய், ரயிலேறி, சென்னை, கடலூர், புதுச்சேரித் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருந்த எண்ணெய் ஆலைகள்தான் பெரிய கிராக்கி. மார்செய் நகரத்து ஆலை வாங்குவதைக் குறைத்தால் போளூர் மண்டியில் விலை விழும். சரிவு கிராமத்துக்குள் வந்தது இந்த வழியாகத்தான். ஆம்பூர், வாணியம்பாடி தோலுக்கும் இதே கதை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட பாதிப் பக்குவத் தோல் லண்டன் சந்தையை நம்பிப் போய்க்கொண்டிருந்தது.

விளைபொருள் விலை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. இனி ஒரு விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, முறை உண்மையானது.

1. அவர் பத்து மூட்டை மல்லாட்டை விற்கிறார். மூட்டை 8 ரூபாய் என்றால் வரவு 80 ரூபாய்.

2. நிலத்துக்குக் கிஸ்தி, அதாவது அரசுக்குக் கட்டும் நிலவரி, 10 ரூபாய். இது பணமாகக் கட்ட வேண்டியது, விளைச்சலில் பங்கு அல்ல.

3. புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன் 200 ரூபாய். வருஷ வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 24 ரூபாய்.

4. இரண்டும் போகக் கையில் நிற்பது 46 ரூபாய்.

இப்போது மூட்டை விலை 4 ரூபாய் ஆகிறது. வரவு 40. கிஸ்தி அதே 10, வட்டி அதே 24. கையில் நிற்பது 6 ரூபாய். வரவு பாதிதான் குறைந்தது, ஆனால் குடும்பத்தின் கையில் நிற்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிட்டது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 200 ரூபாய் அசலை அடைக்க முன்பு 25 மூட்டை போதும், இப்போது 50 மூட்டை வேண்டும். அவர் ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. ஆனாலும் அவர் வியர்வையில் அளந்தால் கடன் இரட்டிப்பாகிவிட்டது.

சரி, கடன் கொடுத்தவருக்காவது லாபமா என்றால், அதுவும் முழுசாக இல்லை. வட்டி வராது, அசல் வராது. கடைசியில் கோர்ட், டிக்ரி, ஜப்தி, ஏலம். ஏலத்தில் நிலத்தை எடுத்தாலும் அந்த நிலத்தின் விலையும் பாதிதான். ஊரில் பண நடமாட்டம் நின்றுபோனது. மண்டிக்காரர் முன்பணம் தர மறுத்தார், முன்பணம் இல்லாமல் விதைக்கொட்டை வாங்க முடியவில்லை, விதைப்பு குறைந்தது, கூலி வேலை குறைந்தது. நிலமில்லாத கூலிக்காரர் கடன் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதவர். அடி கடைசியில் அவர் வயிற்றில்தான் விழுந்தது.

இதில் அரசின் பங்கு மிகத் தெளிவானது. 1927 முதல் ஒரு ரூபாய்க்குப் பிரிட்டிஷ் பணத்தில் 18 பென்ஸ் என்று மாற்று விகிதத்தை நிலைநிறுத்தியிருந்தார்கள். 16 பென்ஸாக இருக்க வேண்டும் என்பது இந்திய வியாபாரிகள், தேசியவாதிகளின் கோரிக்கை. ஒரு பவுனுக்கு, அதாவது ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு, 240 பென்ஸ். 16 பென்ஸ் விகிதத்தில் ஒரு பவுனுக்கு விற்ற சரக்குக்கு 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான். ஏற்றுமதிப் பயிர் விளைவித்த ஒவ்வொருவரிடமிருந்தும் இந்த வித்தியாசம் போனது. உலகமே விலைச் சரிவில் இருக்கும்போதும் அந்த விகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போக வேண்டிய கட்டணங்களும் ஓய்வூதியங்களும் தடையில்லாமல் போக வேண்டுமே.

பெட்டியைத் திறந்த தங்கம்

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தன் பணத்தைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டது, அதாவது நிலையான விகிதத்தில் தங்கம் தருவதை நிறுத்தியது. ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் தங்கத்துக்கு எதிராக மதிப்பிழந்தது. விளைவு, ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. மற்ற எல்லாம் பாதி விலைக்குப் போகும் காலத்தில் வீட்டில் விலை ஏறிய பொருள் ஒன்றே ஒன்று: நகை.

அடகுக் கடையின் உள்ளே நடந்ததை நினைத்துப் பாருங்கள். சங்கிலி ஏற்கெனவே கடையில் இருக்கிறது. தங்கம் ஏறியதால் அதை விற்றால் கடனும் அடையும், கையில் சில ரூபாயும் வரும். கிஸ்திக்குக் கெடு நெருங்குகிறது. அந்தச் சங்கிலி திரும்ப வீட்டுக்கு வரவில்லை. உருக்கப்பட்டு, கட்டியாகி, பம்பாய் போய்க் கப்பலேறியது. நாடு முழுவதும் இப்படிப் போனது அந்தப் பத்தாண்டில் சுமார் 300 கோடி ரூபாய்ப் பெறுமானம். நூற்றாண்டுகளாகத் தங்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நாடு முதல் முறையாகப் பெரிய அளவில் வெளியே அனுப்பியது. லண்டன் நிதிச் சந்தைக்கு அது பெரிய தாங்கல்.

இதைப் பொருளாதார நூல்கள் ஏற்றுமதிக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு இது முதலில் ஒரு சமூக நிகழ்ச்சியாகவே தெரிகிறது. அன்றைய குடும்பத்தில் நிலம் ஆண் பெயரில், கடன் ஆண் பெயரில். பெண்ணுக்கென்று இருந்தது தாய்வீட்டிலிருந்து கழுத்திலும் காதிலும் வந்தது மட்டும். 1931-க்குப் பிறகு ஆண் பெயரில் இருந்த கடனையும் அரசுக்குக் கட்ட வேண்டிய கிஸ்தியையும் அடைத்தது பெரும்பாலும் பெண்ணின் சொத்து. அது திரும்ப வாங்கப்பட்டதாக எந்தக் கணக்கிலும் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வேலூர் கச்சேரியிலோ தாலுகா ஆபீசிலோ நிலையான சம்பளம் வாங்கிய குமாஸ்தாவுக்குச் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டு விழுந்தாலும், அரிசி விலை அதைவிட அதிகம் இறங்கியிருந்தது. ஊரே முடங்கியபோது அவர் வீட்டில் அடுப்பு நிற்காமல் எரிந்தது. கால் காசானாலும் கவர்மெண்ட் உத்தியோகம் என்ற மனநிலை நம்மிடம் இவ்வளவு ஆழமாக இறங்கியிருப்பதற்கு இப்படிப்பட்ட ஆண்டுகளும் காரணம். அந்த உத்தியோகம் எந்தச் சாதிக்கு எத்தனை என்ற கேள்வி அந்தக் காலத்தில் அவ்வளவு சூடாக இருந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெளியூர்க்காரன் என்ற பழி

பெருமந்தத்தில் எங்கும் தவறாமல் நடப்பது, நஷ்டத்துக்கு ஒரு முகம் தேடுவது. சரிந்த விலைக்கு முகம் கிடையாது, பக்கத்துத் தெருவில் வேறு மொழி பேசுபவருக்கு உண்டு. இதில் நம்மவர்கள் பழி சுமந்த பக்கத்தில் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கிய மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. ரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அங்கே இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வந்து இறங்கிய ஊரில் மல்லாட்டை விதைப்பே குறைந்திருந்தது. பர்மாவில் 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் மேல் கலவரம் பாய்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு விவசாயிகள் சாயா சான் தலைமையில் கிளர்ந்தார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், வட்டிக்குக் கடன் கொடுத்த தமிழ்ச் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1937-இல் 25 சதவீதம். செட்டியார்கள் நிலம் வாங்க அங்கே போனவர்கள் அல்லர். கடன் திரும்பாததால் அடமானம் வைத்த நிலம் அவர்கள் பெயருக்கு வந்தது. பர்மிய விவசாயிக்கு அந்த நுணுக்கம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவர் கண்ணில் பட்டது, தன் வயல் ஒரு அந்நியர் பெயருக்கு மாறியது மட்டும்தான். பிந்தைய ஆண்டுகளில் பர்மாவிலிருந்து தமிழர்கள் வெளியேறியதன் வேர் இங்கே தொடங்குகிறது.

அமெரிக்காவிலும் அதே ஆண்டுகளில் மெக்சிகோ வம்சாவளியினர் லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

சென்னை மாகாணத்தில் ஆட்சி மாறிய விதம்

சரிவு வந்தபோது சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அதிகாரத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1932 முதல் பொப்பிலி ராஜா தலைமை. ஜமீன்தார்களும் பெரிய நிலக்காரர்களும் முன்வரிசையில் இருந்த கட்சி. நிலவரியில் பெரிய குறைப்புக்கு கவர்னர் ஆட்சியின் கஜானா இடம் தரவில்லை, அதை எதிர்த்து நிற்கும் உறுதியும் கட்சிக்கு இல்லை. மந்திரிகள் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியது ஊர்ப்பேச்சானது. ஆறு ரூபாய் மிஞ்சுகிற வீட்டில் அந்த எண் எப்படிக் கேட்டிருக்கும்!

காங்கிரஸ் என்ன செய்தது? 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராயிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளைப் படித்தால், அது விவசாயி வீட்டுக் கணக்குப் புத்தகம் போலிருக்கும். நிலவரி பாதியாக வேண்டும், ரூபாய் விகிதம் 16 பென்ஸ் ஆக வேண்டும், உப்பு வரி போக வேண்டும், மதுவிலக்கு வேண்டும். 1931 கராச்சி மாநாட்டில் கந்துவட்டிக்குக் கட்டுப்பாடு, அரசு ஊழியருக்கு உச்ச சம்பளம் 500 ரூபாய் என்று தீர்மானித்தார்கள். பெரியார் 1932-இல் சோவியத் நாட்டுப் பயணம் முடிந்து திரும்பியதும் சிங்காரவேலரோடு சேர்ந்து வகுத்த ஈரோட்டுத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சமதர்மம் பேசியது. 1933-இல் தன் குடி அரசு இதழின் தலையங்கத்துக்காக அவர் கைது செய்யப்பட்டார். எல்லோரும் பதில் சொல்லப் பார்த்த கேள்வி ஒன்றுதான்: இந்த நஷ்டத்தை யார் சுமப்பது?

1935 இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையை விரித்தது. எல்லோருக்கும் அல்ல, வரி, சொத்து, எழுத்தறிவு உள்ளவர்களுக்கு. அதாவது கிஸ்தி கட்டி நொந்த பட்டாதாரர்கள் பெருவாரியாக வாக்காளர் ஆனார்கள். 1937 தேர்தலில் மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159. ராஜாஜி பதவியேற்றார். மந்திரி சம்பளம் 500 ரூபாய்.

இந்த வெற்றி முழுக்கப் பெருமந்தத்தால் வந்தது என்றால் அது தவறு. சிறை சென்ற தலைவர்கள், கதர்க் கடைகள், ஊர் ஊராகக் கிளைகள் எல்லாம் இருந்தன. ஆனால் நகரத்து வக்கீல்களின் கட்சியாக இருந்த காங்கிரஸ் கிராமத்து நடுத்தர விவசாயியின் கட்சியாக மாறியதற்குக் கடன் சுமையைத் தவிர்த்து விளக்கம் சொல்ல முடியாது. ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் செய்தவற்றைப் பார்த்தாலே தெரியும்.

1. 1938 விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்: 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. ஏற்கெனவே அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே முடிந்தது. 1932 அக்டோபர் 1-க்குப் பின் வாங்கிய கடனுக்கு வட்டி 5 சதவீதமாகக் குறைப்பு. சட்டம் வந்த பின் வாங்கும் புதுக் கடனுக்கு ஆறேகால் சதவீதம் உச்சவரம்பு.

2. மதுவிலக்கு: 1937-இல் சேலம், அடுத்து சித்தூர், கடப்பா, 1939 அக்டோபரில் வட ஆற்காடு. கள்ளுக்கடை வருமானத்தை இழந்தாலும் கூலிப் பணம் வீட்டுக்கு வரட்டும் என்பது வாதம்.

3. விற்பனை வரி: கள்ளுக்கடையில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். இன்றைய ஜிஎஸ்டி வரை நீளும் வரிசையின் தொடக்கம்.

4. கூட்டுறவு: இது காங்கிரஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் பிறந்தது. குடியாத்தம் போன்ற தறி ஊர்களில் நூல் வியாபாரியிடம் சிக்கிய நெசவாளர்களுக்கு இன்னொரு வழி வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது கடன் சட்டம். அதுவரை கிராமத்துக்கு வந்த அரசு என்றால் கிஸ்தி வசூலிக்க வந்த அரசு, டிக்ரியை நிறைவேற்ற வந்த அரசு. 1938-இல் முதல் முறையாக அதே அரசு, எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தில் உள்ள தொகையை 'இவ்வளவு கட்டினால் போதும்' என்று வெட்டியது. இன்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கும் கடன் தள்ளுபடி வாக்குறுதிக்கு மூதாதை இந்தச் சட்டம்தான்.

அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் கண்ணில் விவசாயி என்றால் விற்கத்தக்க நில உரிமை உள்ளவர். நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கு, அதாவது பெரும்பாலும் தலித் மக்களுக்கு, அதில் ஒன்றும் இல்லை. அவர்களுடைய கடன் பத்திரத்தில் இல்லை, பண்ணையில் உழைப்பாகக் கழிந்தது. வாக்குரிமையும் அவர்களில் மிகச் சிலருக்கே. யாருக்கு ஓட்டு இருந்ததோ அவருக்கு நிவாரணம் வந்தது.

அதே ஜப்தி, வேறு கட்சி: ஜெர்மனி

ஜெர்மனியின் வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் என்று ஒரு விவசாயப் பகுதி. 1928-29-இலேயே அங்கே விளைபொருள் விலை விழுந்து, கடனுக்காகப் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. விவசாயிகள் ஜப்தியை மறித்தார்கள், வரி கட்ட மறுத்தார்கள். நம் போளூர் விவசாயியின் குறையும் அவர்கள் குறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அங்கே அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது நாஜிக் கட்சி. 1932 ஜூலைத் தேர்தலில் அந்தப் பகுதியில் நாஜிகளுக்கு 51 சதவீத ஓட்டு விழுந்தது.

நாடு முழுவதும் நாஜிகளின் ஓட்டு:

1928 மே: 2.6 சதவீதம்
1930 செப்டம்பர்: 18.3 சதவீதம்
1932 ஜூலை: 37.3 சதவீதம்

இடையில் நடந்தது என்ன? வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். பிரதமர் புரூனிங் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார், வரியை ஏற்றினார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாததால் ஜனாதிபதியின் அவசர ஆணைகள் மூலம் ஆண்டார். 1931-இல் பெரிய வங்கிகள் கவிழ்ந்தன. 'பொறுத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை' என்பது மட்டுமே அரசின் பதிலாக இருந்தது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர் ஆனார்.

வேலை இழந்த தொழிலாளிகள் நாஜிகளைக் கொண்டுவந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வேலை இழந்தவர்கள் அதிகமாகக் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள். நாஜிகளின் பலம் சிறு நிலக்காரர், கடைக்காரர், கைவினைஞர், சிறுநகர நடுத்தர வர்க்கம். இருப்பது போய்விடுமோ, கீழே விழுந்துவிடுவோமோ என்று பயந்தவர்கள். முழுசாக இழந்தவனின் கோபத்தைவிட, இழந்துகொண்டிருப்பவனின் பயம் அரசியலில் ஆபத்தானது.

அமெரிக்காவிலும் நிலைமை அதே அளவு மோசம். 1933 மார்ச்சில் பதவியேற்ற ரூஸ்வெல்ட் முதல் வாரத்திலேயே வங்கிகளை மூடிச் சோதித்து மறுபடி திறந்தார், டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது, இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்தது, பண்ணை அடமானங்களுக்கு மறுகடன் வந்தது, 1935-இல் முதியோர் ஓய்வூதியமும் வேலையிழப்பு உதவியும் சட்டமாயின. எல்லாம் உடனே தேறவில்லை, வேலையின்மை அந்தப் பத்தாண்டு முழுக்க அதிகமாகவே இருந்தது. ஆனால் ஏலத்துக்கு முன்னால் அரசு வந்து நின்றதை மக்கள் பார்த்தார்கள்.

ஒரே அடி வெவ்வேறு பலன் தந்ததற்குக் காரணங்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. சரிவு எந்தக் கட்சியின் ஆட்சியில் வந்தாலும் அந்த ஆட்சி பெரும்பாலும் போகும். இது எங்கும் பொது.

2. போன இடத்தை யார் நிரப்புவார் என்பது சரிவுக்கு முன்பே ஊருக்குள் கிளை வைத்திருந்தவர் யார் என்பதைப் பொறுத்தது.

3. முதல் இரண்டு ஆண்டுகளில் ஜப்தியை நிறுத்தும் அரசுக்கு அவகாசம் கிடைக்கிறது. சிக்கனம் மட்டும் பேசும் அரசுக்குக் கிடைப்பதில்லை.

4. ஜனநாயகத்தின் மேல் ஏற்கெனவே நம்பிக்கை இல்லாத நாட்டில், அதைக் கலைத்துவிட்டால் தேவலை என்ற பேச்சு எளிதில் எடுபடும். போரில் தோற்று, 1923-இல் பணமே காகிதமான ஜெர்மனி அப்படிப்பட்ட நாடு.

பக்கத்து வீட்டில் நடந்தது

இலங்கையில் 2022-இல் நடந்தது எதிர்த்திசைச் சரிவு. அங்கே விலை இறங்கவில்லை, எகிறியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. கடன் வாங்கியவர் அழுததைவிட, நிலையான சம்பளக்காரரும் சேமிப்பு வைத்திருந்தவரும் அழுதார்கள். வழி வேறானாலும், நஷ்டத்தை யார் சுமப்பது என்ற அதே கேள்விக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்றது அரசு, ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2020-இல் நாடாளுமன்றத்தில் மூன்றே இடங்கள் வைத்திருந்த கூட்டணி 2024 நவம்பரில் 225-இல் 159 பிடித்தது. சென்னை மாகாணத்தில் 1937-இல் காங்கிரஸ் பிடித்த அதே எண். எண் ஒத்துப்போனது தற்செயல், பழைய கட்சிகள் துடைத்தெறியப்பட்ட விதம் தற்செயல் அல்ல. 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக் கரையில் மறுபடி படகுகள் வந்து இறங்கியதை நாம் பார்த்தோம். வேலூர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களுக்குப் போர்க்காலப் படகுகள் நினைவுக்கு வந்திருக்கும். இந்த முறை துரத்தியது குண்டு அல்ல, அரிசி விலை.

இன்று நம் மாவட்டங்களில் பார்க்க வேண்டியவை

1930-இல் இல்லாத தாங்குகட்டைகள் இன்று உண்டு. 1935-இல் வந்த ரிசர்வ் வங்கி, 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு, ரேஷன் அரிசி, எல்லோருக்கும் ஓட்டு. நிலவரி ஒரு சுமையே அல்ல. அதனால் ஒரு வரி உயர்வைப் பார்த்து 1930 திரும்பிவிட்டது என்பது மிகை. ஆனால் மல்லாட்டைக் கணக்கின் எலும்பு அப்படியே இருக்கிறது: வருமானம் வெளிநாட்டுச் சந்தையோடு ஏறி இறங்கும், கட்ட வேண்டியது ஏறி இறங்காது. ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷூ தைக்கப் போகும் பெண்ணின் வீட்டில் அது எங்கே தெரியும்?

1. வேலை நீக்கத்துக்கு முன்னால் ஓவர்டைம் நிற்கும், பிறகு வேலை நாள்கள் குறையும். புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர்தான்.

2. குழுக்கடன் தவணை வாரா வாரம் வரும். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வது அதிகமானால் கணக்கு கவிழத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

3. நகைக்கடன் நிறுவனங்களின் ஏல அறிவிப்பு. பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் அந்தப் பட்டியல் நீள்கிறதா என்று பாருங்கள். தங்கம் விலை ஏறும் காலத்தில் மறுஅடகு வைத்து அதிகம் வாங்கத் தோன்றும். 1931-இல் சங்கிலி போன வழியும் இதுவே.

4. வடமாநிலத் தொழிலாளிகளைப் பற்றிய பேச்சின் தொனி. ஆர்டர் குறைந்ததற்குக் காரணம் வரி என்ற பேச்சு, 'அவர்கள் வந்ததால்' என்று மாறும் நாள் எந்தப் புள்ளிவிவரத்தையும்விட முக்கியமானது. ரங்கூனில் நம்மைப் பற்றி அப்படித்தான் பேசத் தொடங்கினார்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் மிரட்டல், அவமானப்படுத்தல் ஆகியவற்றைத் தடுக்கும் சட்ட மசோதாவை நிறைவேற்றியது. வாசலில் வந்து கத்துவதைத் தடுக்க அது தேவையான ஒன்று. ஆனால் 1938 சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அது கடன் தொகையையே தொட்டது. இது முக்கியமாக வசூலிக்கும் முறையைத் தொடுகிறது. அசலும் வட்டியும் அப்படியே நிற்கும். ஷிப்ட் குறைந்த மாதத்தில் அந்தப் பெண்ணின் சம்பளம் நாலில் ஒரு பங்கு குறைந்தால், தவணைகள் போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பாருங்கள்.